முள்வேலித் தடத்தில் ஒரு நடைபாதை

நகரைச் சுற்றிய கோடுகள் – 7

சென்ற இதழில் கிராக்கோவைப் பார்த்தோம். சிதைந்து கிடந்த கோட்டைச் சுவரை அகற்றி, அகழியைத் தூர்த்து, 1820களில் பழைய நகரைச் சுற்றி ஒரு பூங்கா வளையம் போட்டார்கள். அதற்கு முந்தைய இதழில் வியன்னா. 1857-ல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் மதிலை இடிக்க ஆணையிட்ட கதை. இரண்டு ஊரிலும் மதில் என்பது நகரத்தார் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே கட்டியது. தேவை தீர்ந்ததும் இடித்தார்கள், காலி இடத்தில் மரம் நட்டார்கள். இந்த முறை நாம் போகப்போகும் ஊரின் கோடு அந்த வகையில் சேராது. அதைப் போட்டவன் எதிரி. நகரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்காகப் போட்டான்.

ஊர் லியுப்லியானா. இன்று ஸ்லோவீனியா என்ற சிறு நாட்டின் தலைநகரம். 1941-ல் யுகோஸ்லாவியாவின் வடமேற்கு மூலையில் இருந்த ஒரு மாகாண நகரம். ஒரு பல்கலைக்கழகம், ஒரு கோட்டைக் குன்று, யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் அழகுபடுத்திய ஆற்றங்கரைகள் என்று தன் பாட்டுக்கு இருந்த ஊர்.

1941 ஏப்ரல் 6-ஆம் தேதி ஹிட்லரின் படைகள் யுகோஸ்லாவியாவுக்குள் நுழைந்தன. இரண்டே வாரத்துக்குள் அந்த நாடு சரணடைந்தது. ஸ்லோவீனியரின் நிலத்தை ஜெர்மனி, இத்தாலி, ஹங்கேரி மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. லியுப்லியானா இத்தாலியின் பங்கு. மே 3-ஆம் தேதி அதைத் தன் மாகாணங்களில் ஒன்றாக இத்தாலி அறிவித்தது. ஜெர்மன் பகுதியின் எல்லை நகரத்துக்கு வடக்கே மிக அருகிலேயே ஓடியது. நகரத்தின் வடமேற்கு விளிம்பில் உள்ள ஷெந்த்வித் ஜெர்மானியர் கையில், லியுப்லியானா இத்தாலியர் கையில். புறநகருக்குப் போக வேண்டுமென்றால் நாடு தாண்ட வேண்டும் என்ற நிலை.

இத்தாலிய உயர் ஆணையர் எமிலியோ கிராட்சியோலி முதலில் மென்மையாகத்தான் நடந்துகொண்டார். ஜெர்மானியர் தங்கள் பகுதியில் ஸ்லோவீனிய மொழியையே ஒழிக்க முற்பட்டபோது, இத்தாலியர் பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் விட்டுவைத்தார்கள். நல்லவிதமாக நடந்துகொண்டால் மக்கள் பழகிவிடுவார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கு சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. ஏப்ரல் கடைசியிலேயே யோசிப் விட்மார் என்ற இலக்கிய விமர்சகரின் வீட்டில் கம்யூனிஸ்டுகள், கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள், எழுத்தாளர்கள், உடற்பயிற்சிச் சங்கத்தார் என்று பலதரப்பட்டவர்கள் கூடி ஒரு முன்னணியை அமைத்திருந்தார்கள். விடுதலை முன்னணி என்ற பெயர் பிற்பாடு நிலைத்தது.

ஊருக்குள்ளேயே ஒரு நிழல் அரசாங்கம் உருவானது. மறைவான அச்சகங்கள் இயங்கின. எழுத்தாளர்களும் நடிகர்களும் ஓவியர்களும் ஆக்கிரமிப்பாளன் நடத்தும் எந்த மேடையிலும் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1941 அக்டோபர் 29 போன்ற குறிப்பிட்ட நாட்களில், சொல்லிவைத்த நேரத்தில் தெருக்கள் காலியாகும். கூச்சல் இல்லை, கல்வீச்சு இல்லை. ஆள் இல்லாத தெருவை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? நவம்பர் 17-ஆம் தேதி ‘கிரிச்சாச்’ என்ற பெயரில் ஒரு ரகசிய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. கத்துகிறவன் என்று அர்த்தம். ஒலிபரப்புக் கருவியை வீடு வீடாக மாற்றி, ஒரே இடத்தில் நிலைக்காமல் பேசினார்கள். கண்டுபிடிக்க முடியாமல் திணறிய இத்தாலியர், கடைசியில் கேட்பவர்கள் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக் கூரைகளில் இருந்த ஏரியல்களைக் கழற்றச் சொன்னார்கள், பிறகு வானொலிப் பெட்டிகளையே பிடுங்கினார்கள். 1942 ஏப்ரல் 4 வரை அந்த நிலையம் பேசிக்கொண்டிருந்தது.

நகரத்துக்கு வெளியே காடுகளில் பார்ட்டிசான்கள் என்ற கொரில்லாப் படை வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஆள், மருந்து, துணி, பணம், செய்தி எல்லாம் ஊருக்குள்ளிருந்துதான் போயின. இத்தாலியப் பதினோராம் படைப்பிரிவின் தளபதி மாரியோ ரோபோத்திக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. காட்டுக்குள் போய்த் தேடுவது கடினம். ஊரையே அடைத்துவிட்டால்?

1942 பிப்ரவரி 22 இரவு. கடும் குளிர்காலம். படையினர் முள்கம்பிச் சுருள்களோடு நகரைச் சுற்றி இறங்கினார்கள். 23-ஆம் தேதி காலையில் மக்கள் எழுந்தபோது ஊர் அடைபட்டிருந்தது. கட்டடங்கள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடமாகப் பார்த்துக் கம்பி ஓடியது. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். பின்னர் அதில் காவல் அரண்களும், பங்கர்களும், தேடு விளக்குகளும் சேர்ந்தன. பெரிய சாலைகளில் மட்டும் வாசல்கள், வாசல்தோறும் காவல். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. ஐரோப்பாவில் அன்று ஒரு பகுதியையோ ஒரு இனத்தாரையோ அடைத்துவைத்த வேலிகள் ஏராளம். ஒரு நகரம் முழுவதையும், அதன் மேயரில் தொடங்கிப் பால்காரர் வரை, ஒரே கம்பிக்குள் அடைத்தது அபூர்வம்.

வேலி போட்ட கையோடு சல்லடை போட்டார்கள். நகரத்துக்குள்ளேயும் கம்பியால் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சுற்றி வளைத்து, வீடு வீடாகச் சோதனை. இளைஞர்களை ராணுவக் குடியிருப்புக்கு அழைத்துப்போய் வரிசையாக நடக்கவிட்டார்கள். மறைவில் இருக்கும் காட்டிக்கொடுப்பவன் யாரைச் சுட்டுகிறானோ அவன் வீடு திரும்ப மாட்டான். பிப்ரவரி 24-ல் தொடங்கிய முதல் பெரிய சோதனை மார்ச் நடுப்பகுதி வரை நீண்டது. அதற்கு நடுவில், மார்ச் 1-ஆம் தேதி, இத்தாலிய இரண்டாம் ராணுவத்தின் தளபதி மாரியோ ரொவாட்டா ‘3சி’ என்ற பிரபலமான சுற்றறிக்கையை வெளியிட்டார். பிணைக்கைதிகளைப் பிடிப்பது, கிராமங்களைக் கொளுத்துவது, ஊரோடு பெயர்த்து முகாம்களுக்கு அனுப்புவது எல்லாம் அதன்பின் முறைப்படியான ராணுவ நடவடிக்கையாயின.

பிடிபட்டவர்களில் பலரை இத்தாலியில் உள்ள கொனார்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். 1942 ஜூலையில் ஏட்ரியாட்டிக் கடலின் ராப் தீவில் இன்னொரு முகாம் திறந்தது. கூடாரங்களில் குடும்பங்களை அடைத்துப் பட்டினி போட்டதில் அங்கே ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். நகரின் விளிம்பில் கிராமோஸ்னா யாமா என்ற சரளைக்கல் குழி இருக்கிறது. பிணைக்கைதிகளை அங்கே கொண்டுபோய்ச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் குழியில் உயிர்விட்டார்கள்.

இவ்வளவு செய்தும் வேலி கசிந்துகொண்டுதான் இருந்தது. ரயில்வே தொழிலாளிகள் ஆளையும் பொருளையும் கடத்தினார்கள். 1942 ஜூன் கடைசியில் கொனார்ஸுக்குக் கைதிகளை ஏற்றிப்போன ரயிலை வெர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் பார்ட்டிசான்கள் மடக்கி, நூற்றுக்கணக்கானவர்களை விடுவித்தார்கள். எந்த ரயிலில், எத்தனை மணிக்குக் கைதிகள் போகிறார்கள் என்ற தகவல் இல்லாமல் அப்படி ஒரு தாக்குதலை நடத்த முடியாது. அடைத்துவைத்தால் செய்தி வெளியே போகாது என்று நம்பியவர்களுக்கு வெர்த் நல்ல பதில்.

1943 செப்டம்பர் 8-ல் இத்தாலி சரணடைந்தது. வேலியை அகற்ற ஊருக்குக் கிடைத்த நேரம் ஒரு நாள்கூட இல்லை. ஜெர்மானியர் வந்து அதே கம்பிக்குக் காவல் நின்றார்கள். இந்தக் கட்டம் ஸ்லோவீனியருக்கு இன்றும் வலிக்கும் இடம். லியோன் ருப்னிக் என்ற முன்னாள் யுகோஸ்லாவிய ஜெனரல், 1942-லேயே இத்தாலியர் தயவில் நகர மேயரானவர், இப்போது ஜெர்மானியருக்குக் கீழே மாகாண நிர்வாகத்தின் தலைவரானார். கம்யூனிச எதிர்ப்பை முன்னிறுத்தி ‘தொமோப்ரான்சி’ என்ற ஊர்க்காவல் படை அமைந்தது. வேலிக்கு இந்தப் பக்கமும் ஸ்லோவீனியர், அந்தப் பக்கமும் ஸ்லோவீனியர், இருவர் கையிலும் துப்பாக்கி. போர் முடிந்ததும் அந்த ஊர்க்காவல் படையினரில் ஆயிரக்கணக்கானவர்களை, ஆஸ்திரியாவிலிருந்து பிரிட்டிஷார் திருப்பி அனுப்பியவர்களை, புதிய ஆட்சி விசாரணையின்றிக் கொன்றது. வேலியின் நினைவுச்சின்னங்கள் எதிலும் இந்த இரண்டாவது கதைக்கு இடம் கிடையாது. பாதையின் வரலாற்றை எழுதுகிறவன் அதையும் எழுதாமல் போகக் கூடாது.

1945 மே 9-ஆம் தேதி பார்ட்டிசான்கள் நகருக்குள் வந்தார்கள். வேலி போட்டு 1,170 நாட்கள் ஆகியிருந்தன. பத்தாண்டு கழித்து, 1955-ல், யுகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் அரசு லியுப்லியானாவுக்கு வீர நகரம் என்ற பட்டத்தைக் கொடுத்தது.

முள்கம்பியை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோட்டை மறக்கவும் விடவில்லை. 1957-ல் வேலி இருந்த தடத்தில் முதல் அணிவகுப்புப் போட்டி நடந்தது. அணிகள் பழைய ரோந்துப் படைகளைப்போலச் சேர்ந்து நடக்க வேண்டும், ஓட வேண்டும். மேடை போட்டு உரையாற்றி மாலை வைத்துக் கலைந்துபோகும் விழாவாக அது இல்லாமல் காலுக்கு வேலை கொடுத்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கால்பட நடந்த தடத்தின் குறுக்கே ஒருவன் சுவர் எழுப்பினால் அடுத்த மே மாதம் ஊரே வந்து கேட்கும்.

தடத்தைக் குறிக்கக் கற்கள் நட்டார்கள். விளாஸ்தோ கோபாச் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை. எட்டுப் பட்டை கொண்ட கல், பங்கர் இருந்த இடத்துக்கு ஒன்றாக, மொத்தம் 102. மார்பளவுச் சிலை இல்லை, துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை. அந்தக் காலத்து யுகோஸ்லாவியா நினைவுச்சின்னம் என்றால் மலையுச்சியில் பிரமாண்டமான கான்கிரீட் சிறகுகளை விரிக்கும். அதற்குப் பக்கத்தில் இந்தக் கற்களின் அடக்கம் வியப்பாக இருக்கிறது. கோபாச் பிளெச்னிக்கின் மாணவர். கல்லை எப்படிப் பேசவிடுவது என்று கற்றுத்தந்த ஆசான் அவர். இன்னொன்றும் உண்டு. கோபாச் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் கிடந்தவர். போருக்குப் பின், டாஹாவிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் கெஸ்டபோவின் கையாட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவருடைய சொந்த அரசே சந்தேகப்பட்டு வழக்குகள் போட்டது. அவற்றில் அவரும் தண்டிக்கப்பட்டார். அந்தக் குற்றச்சாட்டுகள் பொய் என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. எதிரியிடமும் தன் அரசிடமும் சிறைப்பட்ட ஒருவர் கையால் வந்தவை அந்தக் கற்கள்.

கற்கள் நட்டதோடு நின்றிருந்தால் இந்தத் தொடரில் லியுப்லியானாவுக்கு இடம் இருந்திருக்காது. கல் ஒரு புள்ளியைக் காக்கும், கோட்டைக் காக்காது. 1960களிலும் 70களிலும் நகரம் வேகமாக வீங்கிக்கொண்டிருந்தது. 1942-ல் ஊரின் விளிம்பாக இருந்த வேலித்தடம் இப்போது ஊருக்கு நடுவில் வந்துவிட்டது. தெற்கே முர்க்லே என்ற தாழ்வான வீடுகளின் குடியிருப்பு, கிழக்கே ஷ்தெபான்ஸ்கோ அடுக்குமாடிகள், 70களின் கடைசியில் ஃபுஷினேயின் பெரிய குடியிருப்பு என்று கோட்டின் இருபுறமும் கட்டடங்கள் எழும்பின. இன்னும் பத்து வருடம் விட்டிருந்தால் தடம் தெருக்களுக்குள்ளும் கார் நிறுத்துமிடங்களுக்குள்ளும் கரைந்துபோயிருக்கும்.

நல்ல வேளையாக, நகரத் திட்டமிடுவோர் வேறொரு கணக்கில் இருந்தார்கள். 1960களில் வகுத்த பொதுத் திட்டத்தில் நகரம் நட்சத்திர வடிவில் ஐந்து பெருஞ்சாலைகளை ஒட்டி வளரும், அந்தக் கரங்களுக்கு நடுவே குன்றும் காடும் வயலும் ஆப்பு வைத்ததுபோல் நகரின் மையம் வரை நீண்டிருக்கும். நல்ல யோசனை. ஆனால் அந்தப் பசுமை ஆப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் கிடந்தன. அவற்றைக் குறுக்கே கோத்துக் கட்ட ஒரு வளையம் வேண்டியிருந்தது. வளையம் ஏற்கெனவே இருந்தது. ரோபோத்தி போட்டுவிட்டுப் போயிருந்தார்.

1974-ல் வேலை தொடங்கியது, 1985-ல் முடிந்தது. பதினோரு வருடம். நான்கு மீட்டர் அகலத்தில் மணலிட்டு இறுக்கிய பாதை, ஓரங்களில் சாலைமரங்கள். நீளம் 34 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது, பழைய வேலியைவிடச் சற்று அதிகம். வீடுகள் வந்துவிட்ட இடங்களில் ஒதுங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மரங்கள் 7,000-க்கும் மேல், 49 இனம். அத்தனை இனம் எதற்கு என்று கேட்கலாம். லியுப்லியானாவின் மண்ணை வைத்தே பதில் சொல்லலாம். ஊருக்கு வடக்கே சாவா நதி கொண்டுவந்து குவித்த கூழாங்கல் நிலம், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கும். தெற்கே பார்யே என்ற பரந்த கரிச்சதுப்பு, வெட்டிய குழியில் தண்ணீர் ஊறும், கட்டிய வீடும் அமுங்கும். கிழக்கே கோலோவெட்ஸ் குன்றின் காடு. வடக்கில் செழிக்கும் மரம் தெற்கில் அழுகும். ஒரே பாதை இந்த மூன்றையும் கடந்தாக வேண்டும்.

வேலை செய்தவர்கள் யார்? கூலிக்கு ஆள் வைத்தும் செய்திருக்கலாம். யுகோஸ்லாவியாவுக்கு வேறொரு பழக்கம் இருந்தது. போர் முடிந்ததுமே, 1946-லும் 47-லும், இளைஞர் வேலைப்படைகள் மண்வெட்டியோடு இறங்கி போஸ்னியாவில் ரயில் பாதைகள் போட்டிருந்தன. அந்த மரபிலேயே இந்தப் பாதையையும் மாணவர்கள், தொழிலாளிகள், படையினர், குடியிருப்புவாசிகள் சேர்ந்து போட்டார்கள். மண் சுமந்தார்கள், குழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள். எல்லோரும் மனமுவந்து வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கட்சி ஆட்சியில் தன்னார்வம் என்ற சொல்லுக்குள் கொஞ்சம் கட்டாயமும் இருக்கும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் பதின்மூன்று வயதில் தான் நட்ட மரம் எது என்று அடையாளம் காட்டக்கூடிய ஒரு தலைமுறை அந்த ஊரில் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது. அந்தத் தலைமுறை இருக்கும்வரை பாதையில் கைவைப்பது அரசியல்வாதிக்கு நல்லதல்ல.

இதற்கு வைத்த முழுப்பெயர் ‘நினைவுகளுக்கும் தோழமைக்குமான பாதை’. நகரத்தார் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெ-எஸ்-தெ என்கிறார்கள். கம்பியோரப் பாதை என்று சொல்பவர்களும் உண்டு.

1988-ல் நகர நிர்வாகம் பாதையையும் கிராமோஸ்னா யாமா கல்லறையையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களாக அறிவித்தது. அப்போது அது ஒரு சம்பிரதாயமாகத் தோன்றியிருக்கலாம். மூன்றே வருடத்தில் நாடே உடைந்தது. 1991-ல் ஸ்லோவீனியா தனிநாடானது, ஆண்டு முடிவதற்குள் அரசுடைமையாக்கிய சொத்துகளைப் பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. தெருப்பெயர்கள் மாறின. சோஷலிச காலத்தின் எத்தனையோ பொது நிலங்கள் தனியார் கைக்குப் போயின. அந்த வேளையில் 34 கிலோமீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமுமான ஒரு நிலம், நகரத்தின் விலையுயர்ந்த பகுதிகளை ஊடுருவிப் போகும் நிலம், எப்படித் தப்பியது?

நகரை அழகுபடுத்தப் போட்ட பூங்காவாக மட்டும் இருந்திருந்தால் தப்பியிருக்காது என்பது என் எண்ணம். பூங்காவுக்கு மாற்றுப் பூங்கா தரலாம். இந்த மூலையில் நூறு மீட்டர் எடுத்துக்கொண்டு அந்த மூலையில் இருநூறு மீட்டர் தருகிறேன் என்று பேரம் பேசலாம். உலகத்தில் பாதிப் பூங்காக்கள் அப்படித்தான் சுருங்கின. ஆனால் முள்வேலி எங்கே ஓடியதோ அங்கேதான் ஓடியது. பங்கர் நின்ற இடத்தை நகர்த்த முடியாது. நினைவு என்பது நிலத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டது. கொஞ்ச காலத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. டிட்டோ காலத்து முழக்கங்கள் மவுசு இழந்து, வேலிக்குள் வாழ்ந்த தலைமுறையும் குறைந்தபோது, காலையில் நாயோடு நடப்பவர்களும் மாலையில் ஓடுபவர்களும் பாதைக்கு ஆதரவாக நின்றார்கள். 2016-ல் ஐரோப்பியப் பசுமைத் தலைநகரம் என்ற பட்டம் லியுப்லியானாவுக்குக் கிடைத்தபோது நகரம் பெருமையோடு காட்டிய சொத்துகளில் இந்தப் பாதையும் ஒன்று.

இப்போது நடப்பவருக்கு என்ன தெரியும்? வடமேற்கே கோசெஸே குளம். செங்கல் சூளைக்குக் களிமண் தோண்டிய பள்ளம் நிரம்பி உண்டானது. வடகிழக்கே ஷாலே கல்லறைத் தோட்டம், பிளெச்னிக் வடிவமைத்த நுழைவாயிலோடு. ஃபுஷினேயில் ஆற்றோரம் ஒரு பழைய மாளிகை, அதற்கு எதிரே அடுக்குமாடிகள். கோலோவெட்ஸில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும் ஏற்றம், மற்றபடி சமதளம். பின்னாளில் வந்த நெடுஞ்சாலை வளையத்தையும் பாதை சில இடங்களில் தாண்டியாக வேண்டும். அங்கே லாரிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. சில இடங்களில் பாதை தொலைந்து சாதாரணத் தெருவாகிவிடும், கல்லைத் தேடித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

மே மாதத்தில், விடுதலை நாளை ஒட்டி, ஊர் திரண்டு நடக்கிறது. மழலையர் பள்ளிக் குழந்தைகள் வரிசையாக, பள்ளி மாணவர்கள், பிறகு முழு வளையத்தையும் ஒரே மூச்சில் சுற்றுபவர்கள். வழியில் அங்கங்கே மேசை போட்டு அமர்ந்திருப்பவர்கள் அட்டையில் முத்திரை குத்துகிறார்கள். முத்திரை சேர்த்தவருக்குப் பதக்கம். ஓட்டப் போட்டி வேறு மாதிரி. மூன்று பேர் ஓர் அணி. நீண்ட ஓட்டம் 30 கிலோமீட்டரை நெருங்கும். அணியில் ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை, மூவரும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு. பார்ட்டிசான்கள் சிறு ரோந்து அணிகளாகப் போன வழக்கத்திலிருந்து வந்த விதி இது. முப்பதாவது கிலோமீட்டர் நெருங்கும்போது கால் பிடித்துக்கொண்டவனை மற்ற இருவரும் திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களில் பலருக்கு ரோபோத்தி யார் என்று தெரியாது, தெரிந்துதான் ஆக வேண்டும் என்று ஊரும் வற்புறுத்துவதில்லை.

லியுப்லியானா தன் கோட்டை ஒரு நாளும் கைவிடாமல் வைத்திருந்து பாதையாக்கியது. பெர்லின்காரர்கள் செய்தது இதற்கு நேர்மாறு. 1989-ல் சுவர் விழுந்ததும் அதன் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள், விற்றார்கள், அரைத்துச் சாலை போட்டார்கள். பத்து வருடம் கழித்து, சுவர் எங்கே இருந்தது என்று தேட வேண்டி வந்தது. சுவர் இருந்த தடத்தில் சுமார் 160 கிலோமீட்டர் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் போட மைக்கேல் கிராமர் என்ற பசுமைக் கட்சிக்காரர் நடத்திய நீண்ட போராட்டம் அடுத்த இதழில்.